பார்லிமென்ட் தன்னோட சொந்த செலவையும் ஆட்களையும் குறைக்கறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்லிமென்ட்டுக்குன்னு தனியா ஒரு பட்ஜெட்டா? நாட்டு பட்ஜெட்டை பாஸ் பண்றதுதானே அதோட வேலை?

ரெண்டும்தான். நாட்டோட வரவு செலவுக்கு ஒப்புதல் கொடுக்கற அதே சபைக்கு தன்னை நடத்திக்கவும் பணம் வேணும். உறுப்பினர் சம்பளம், அவங்களோட உதவியாளர்கள், செயலக ஊழியர்கள், பாதுகாப்பு, கட்டடம், கம்ப்யூட்டர், மொழிபெயர்ப்பு, நூலகம், அவையில பேசறத வரிக்கு வரி எழுதறவங்க, நேரடி ஒளிபரப்புன்னு லிஸ்ட் நீளும். இந்தியாவுல மத்திய பட்ஜெட் புத்தகத்துல மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் தனித்தனியா மானியக் கோரிக்கை, அதாவது இவ்வளவு பணம் வேணும்னு கேக்கற கணக்கு இருக்கும், தேடிப் பாத்தா கிடைக்கும். செலவைக் குறைக்கணும்னு பேச்சு வரும்போது பலரும் எம்.பி. சம்பளத்தோட நிறுத்திக்கறாங்க, அதுக்குப் பின்னாடி இருக்கற நிர்வாகச் செலவு என்ன, அதுல யார் என்ன வேலை பாக்கறாங்கன்னு யாரும் கேக்கறதில்ல. இந்தப் பக்கம் அதுக்காகத்தான்.

நிதியமைச்சர் நினைச்சா ஒரே கையெழுத்துல வெட்டிட முடியாதா?

நல்லா நடக்கற ஜனநாயகத்துல முடியக் கூடாது, காரணம் ரொம்ப சிம்பிள். அரசாங்கத்தைக் கேள்வி கேக்கறதுதான் சபையோட வேலை, கேள்வி கேக்கறவனோட பணப்பையை பதில் சொல்ல வேண்டியவன் கையில கொடுத்தா கேள்வி வராது.

அதனால ஒவ்வொரு நாட்டுலயும் ஏதோ ஒரு தடுப்பு வச்சிருக்காங்க. பிரிட்டன்ல 1978-ல ஒரு சட்டம் போட்டு சபாநாயகர் தலைமையில கீழவையான காமன்ஸ் சபைக்குன்னு ஒரு ஆணையம் அமைச்சாங்க, சபையோட செலவு மதிப்பீட்டை அதுதான் தயாரிச்சு நேரா சபை முன்னாடி வைக்குது. அமெரிக்காவுல காங்கிரஸ் தனக்கு இவ்வளவு வேணும்னு அனுப்பற தொகையை அதிபர் தன்னோட பட்ஜெட்ல மாத்தாம அப்படியே சேர்க்கணும்னு சட்டமே இருக்கு. இந்தியாவுல அரசியலமைப்போட 98-வது பிரிவு ரெண்டு அவைக்கும் தனித்தனி செயலக ஊழியர்கள்னு சொல்லுது, 112-வது பிரிவுல சபாநாயகர், துணை சபாநாயகர், மாநிலங்களவைத் தலைவர், துணைத் தலைவர் சம்பளமெல்லாம் ஓட்டெடுப்புக்கே போகாம அரசோட பொதுக் கஜானாவான தொகுப்பு நிதியில இருந்து நேரா போற செலவுன்னு வச்சிருக்காங்க.

இதுல ஒரு சிக்கலும் இருக்கு. வெளியில இருந்து யாரும் வெட்ட முடியாதுன்னா, வெட்ட வேண்டியதை சபை தானாத்தான் வெட்டணும். தன் சம்பளத்தை, தன் வசதியை தானே குறைச்சுக்கறது யாருக்கும் சுலபம் இல்ல. பிரிட்டன்ல 2009-ல எம்.பி.க்கள் செலவுக் கணக்கு விவகாரம் வெடிச்சப்ப, இனிமே நீங்களே முடிவு பண்ணக் கூடாதுன்னு சம்பளம், படி, உதவியாளர் செலவு எல்லாத்தையும் பாக்க தனியா ஒரு சுதந்திர அமைப்பை உருவாக்க வேண்டியதாப் போச்சு. என்னைக் கேட்டா இதுதான் சரியான ஏற்பாடு. உறுப்பினரோட சொந்த வரும்படி வெளியாள் கையிலயும், சபையோட செயல்பாட்டுச் செலவு சபை கையிலயும் இருக்கணும்.

மொத்தமா வெட்டினா நாட்டுக்கு எவ்வளவு மிச்சம் ஆகும்?

நேர்மையா சொல்லணும்னா, நாட்டு பட்ஜெட் கணக்குல கண்ணுக்கே தெரியாது. 2021 ஜனவரியில இந்திய பார்லிமென்ட் கேண்டீனுக்கு கொடுத்துட்டு இருந்த மானியத்தை நிறுத்தினாங்க, வருஷத்துக்கு சுமார் 8 கோடி மிச்சம்னு அப்ப செய்தி வந்துச்சு. அந்த வருஷம் போட்ட மத்திய பட்ஜெட் 34.83 லட்சம் கோடி. நிறுத்தினது சரிதான், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல, ஆனா அதை வச்சு நாட்டோட கடன் குறையும்னு யாராவது சொன்னா அது கணக்கு இல்ல.

அப்ப எதுக்கு வெட்டணும்? ஊரெல்லாம் சிக்கனமா இருக்கச் சொல்ற சபை தன் வீட்டுல அதைச் செய்யலைன்னா மத்த துறைகளை அதட்டிக் கேக்கற தகுதி போயிடும், அது ஒண்ணு. வீணாப் போற பணத்தை அதே சபைக்குள்ள உபயோகமான வேலைக்குத் திருப்பலாம், அது ரெண்டாவது. என்னைப் பொறுத்தவரை ரெண்டாவதுதான் பெருசு, ஆனா அதைப் பத்தி பேசறவங்க ரொம்ப கம்மி.

உறுப்பினர் எண்ணிக்கையையே குறைச்சுட்டா?

இத்தாலியில செஞ்சாங்க. 2020 செப்டம்பர்ல பொது வாக்கெடுப்பு வச்சு, கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் ஆதரவு கொடுத்து, கீழவை 630-ல இருந்து 400, மேலவை 315-ல இருந்து 200-ன்னு இறக்கினாங்க, 2022 தேர்தல்ல இருந்து அமலுக்கு வந்துச்சு. ஆதரிச்சவங்க ஒரு அஞ்சு வருஷ காலத்துக்கு 50 கோடி யூரோ மிச்சம்னு சொன்னாங்க. அங்க பொதுக் கணக்கைப் பாக்கற பொருளாதார ஆட்கள் வரியையெல்லாம் கழிச்சு கணக்குப் போட்டு 28.5 கோடிதான் வரும், மொத்த அரசுச் செலவுல 0.007 சதவீதம்னு சொன்னாங்க. ஜெர்மனியிலயும் 736 வரைக்கும் வீங்கின சபையை 2023-ல சட்டம் போட்டு 630-ன்னு கட்டிட்டாங்க, ஆனா அங்க முக்கியப் பிரச்சனை தேர்தல் முறையால இடங்கள் கூடிக்கிட்டே போனது.

உறுப்பினர் குறைஞ்சா ஒருத்தர் தலையில விழற மக்கள் எண்ணிக்கையும் கமிட்டி வேலையும் கூடும், அப்ப அவருக்கு உதவியாளர் அதிகம் வேணும்னு கோரிக்கை வரும். அதனால இதை செலவுக் குறைப்புன்னு பாக்காம பிரதிநிதித்துவம் பத்தின முடிவாத்தான் பாக்கணும்.

சம்பளக் குறைப்பு?

கொரோனா வந்தப்ப இந்திய எம்.பி.க்கள் சம்பளத்தை 2020 ஏப்ரல்ல இருந்து ஒரு வருஷத்துக்கு 30 சதவீதம் குறைச்சு சட்டம் கொண்டு வந்தாங்க. நெருக்கடி நேரத்துல அது நல்ல செய்கை. நிரந்தரமா வச்சா என்ன ஆகும்னா வசதி உள்ளவங்க மட்டும்தான் அரசியலுக்கு வர முடியும்ங்கற நிலைமை. இதுக்கு மேல இதுல பேச ஒண்ணும் இல்ல.

சரி, ஊழியர்களைக் குறைக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க. எப்படிக் குறைப்பாங்க?

வழக்கமா மூணு வழி. ஓய்வு பெறறவங்க இடத்தை நிரப்பாம விடறது. தானா போறவங்களுக்கு ஒரு தொகை கொடுத்து அனுப்பறது. எல்லாப் பிரிவுக்கும் இத்தனை சதவீதம்னு ஒரே கோடு போடறது.

மொதல் வழி வலிக்காது, யாரையும் வெளிய அனுப்ப வேண்டாம், அதனால எல்லாரும் அதைத்தான் முதல்ல எடுப்பாங்க. ஆனா யார் எப்ப ஓய்வு பெறுவாங்கங்கறது பிறந்த தேதியைப் பொறுத்தது, சபையோட தேவையைப் பொறுத்தது இல்ல. மசோதா வரைவு சரிபாக்கற பிரிவுல ஒரே வருஷத்துல நாலு பேர் போயிட்டா அங்க வேலை நின்னு போகும், பக்கத்துல ஆள் அதிகமா இருக்கற பிரிவுல ஒருத்தரும் போகாம அப்படியே இருப்பாங்க. ரெண்டாவது வழியில வெளிய வேலை கிடைக்கும்னு நம்பிக்கை உள்ள திறமையான ஆள்தான் முதல்ல கை தூக்குவார். சபை நடைமுறைங்கறது விதிப் புத்தகத்துல பாதிதான் இருக்கும், மீதி பழைய தீர்ப்புகளும் முன்னுதாரணங்களும், முப்பது வருஷம் அவை மேஜையில உக்காந்த செயலக அதிகாரிங்க தலைக்குள்ள இருக்கு. நள்ளிரவுல ஒரு திருத்தம் மேல தகராறு வந்து சபாநாயகர் திரும்பிப் பாக்கும்போது பதில் சொல்ற ஆள் அவங்கதான். அவங்க போயிட்டா அந்த ஞாபகத்தை எந்த டெண்டர் போட்டும் வாங்க முடியாது.

மூணாவதுக்கு ஐரோப்பிய யூனியன் நல்ல உதாரணம். 2013-ல எல்லா நிறுவனங்களும் 2013-லேர்ந்து 2017-க்குள்ள 5 சதவீதம் பணியிடத்தைக் குறைக்கணும்னு ஒப்பந்தம் போட்டாங்க, ஈடுகட்ட வார வேலை நேரத்தை 40 மணி நேரமா கூட்டினாங்க. ஐரோப்பிய நாடாளுமன்றத்துல அரசியல் குழுக்களோட ஊழியர்களை இதுல சேர்க்கலாமா கூடாதாங்கறதே பெரிய சண்டையாச்சு. யூனியனோட நிர்வாகப் பிரிவான கமிஷன் பக்கம் என்ன நடந்துச்சுன்னு யூனியனோட தணிக்கை மன்றம் பின்னாடி பாத்தப்ப, நிரந்தரப் பணியிடம் குறைஞ்சிருக்கு, ஆனா ஒப்பந்த ஊழியர் கூடியிருக்காங்க. காகிதத்துல எண்ணிக்கை இறங்கும், வேலை அப்படியே இருக்கும், செய்யற ஆள் மட்டும் பாதுகாப்பு இல்லாதவரா மாறியிருப்பார்.

எல்லாருக்கும் ஒரே சதவீதம்னா அது நியாயம்தானே, யாருக்கும் பாரபட்சம் இல்ல?

பாக்க நியாயமா இருக்கும். ஆஸ்திரேலியாவுல 1987-லேர்ந்து ஒரு ஏற்பாடு இருக்கு, ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு துறையோட நிர்வாகச் செலவுலயும் ஒரு சதவீதம் தானா குறைஞ்சிடும், ஆரம்பத்துல 1.25. பார்லிமென்ட் துறைகளும் இதுக்குள்ள வரும். பெரிய துறைக்கு பரவாயில்ல, ஆயிரக்கணக்கான பேர்ல எங்கயாவது சேமிச்சுடலாம். சின்ன அலுவலகத்துக்கு ஒரு சதவீதம்னா அரை ஆள், அரை ஆளை எப்படிக் குறைப்பீங்க? போதாததுக்கு பார்லிமென்ட் தன் வேலை அளவை தானே முடிவு பண்ண முடியாது. அரசாங்கம் எத்தனை மசோதா கொண்டு வருதோ அத்தனையையும் பாத்தாகணும், சபை எத்தனை மணி வரைக்கும் நடக்குதோ அதுவரைக்கும் ஆள் இருந்தாகணும்.

பாரபட்சம் பாக்கறது இங்க தப்பே இல்ல. எந்த வேலை தேவை எது தேவை இல்லன்னு பிரிச்சுப் பாக்கறதுக்குத்தான் நிர்வாகம் இருக்கு, ஒரே சதவீதம் போடறதுன்னா அந்தப் பொறுப்பைத் தட்டிக் கழிக்கறதுன்னு அர்த்தம்.

அப்ப எதை வெட்டவே கூடாது?

ஆராய்ச்சிப் பிரிவு, கமிட்டி ஊழியர்கள், நூலகம், பட்ஜெட்டை அலசற ஆட்கள், சட்ட வரைவு ஆலோசகர்கள். அரசாங்கம் சொல்றது உண்மையான்னு சபை சுயமா சரிபாக்க இவங்க மட்டும்தான் வழி.

அமெரிக்காவுல நடந்ததைப் பாருங்க. 1972-ல காங்கிரஸ் தனக்குன்னு தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் ஒண்ணு ஆரம்பிச்சுது. சுமார் 140 பேர், வருஷத்துக்கு 2.2 கோடி டாலர் பக்கம் செலவு. அணு ஆயுதம், மருத்துவச் செலவு, சுற்றுச்சூழல்னு சுமார் 750 அறிக்கை போட்டாங்க, கட்சி சார்பு இல்லாம. 1994 தேர்தல்ல செலவைக் குறைப்போம்னு சொல்லி ஜெயிச்ச தரப்பு, 1995 ஜனவரியில முதல் நாளே பிரதிநிதிகள் சபை கமிட்டி ஊழியர்கள்ல மூணுல ஒரு பங்கைக் குறைச்சுது. அதே வருஷம் அந்த அலுவலகத்துக்கும் பணத்தை நிறுத்தி மூடினாங்க. காங்கிரஸோட தணிக்கை அலுவலகத்துக்கும் ரெண்டு வருஷத்துல 25 சதவீதம் வெட்டு விழுந்துச்சு.

இன்டர்நெட் வெடிச்சுக் கிளம்பின நேரம் அது. அதுக்கப்புறம் வந்த கால் நூற்றாண்டுல தனியுரிமை, சமூக ஊடகம், இணையப் பாதுகாப்புன்னு ஒவ்வொரு விவாதத்துலயும் காங்கிரஸ் பக்கம் சொந்தமா விஷயம் தெரிஞ்ச ஆள் குறைவு, கம்பெனிகள் பக்கம் லாபியிஸ்டுகள், அதாவது கம்பெனிக்கு சாதகமா உறுப்பினர்கள்கிட்ட பேசறதுக்குன்னே இருக்கற ஆட்கள் நிறைய. அறிவுக்கு ஒரு இடத்துல பணம் கொடுக்கலைன்னா அந்த இடத்தை வேற யாராவது தன் பணத்துல நிரப்புவாங்க, அவங்க இலவசமா கொடுக்கற தகவல் யாருக்கு சாதகமா இருக்கும்னு சொல்லணுமா என்ன. 2019-ல தணிக்கை அலுவலகத்துக்குள்ளயே அறிவியல் தொழில்நுட்பக் குழு ஒண்ணை புதுசா கட்ட வேண்டி வந்துச்சு. 2022-ல உறுப்பினர் அலுவலகச் செலவுக்கான தொகையை ஒரேயடியா 21 சதவீதம் ஏத்தினாங்க, ஏன்னா குறைஞ்ச சம்பளத்துல இளம் ஊழியர்கள் யாரும் தங்கறதில்ல. வெட்டினப்ப ஒரு வருஷம்தான் ஆச்சு, திரும்பக் கட்ட 25 வருஷத்துக்கு மேல.

அப்ப எதை வெட்டலாம்?

நிறைய இருக்கு, கை வைக்க மனசு வேணும். ஐரோப்பிய நாடாளுமன்றம் ஸ்ட்ராஸ்பர்க், பிரசெல்ஸ், லக்சம்பர்க்னு மூணு ஊர்ல இயங்குது. வருஷத்துல 12 முழு அமர்வு ஸ்ட்ராஸ்பர்க்லதான் நடக்கணும், அதுக்காக உறுப்பினர், ஊழியர், கோப்புகள் எல்லாம் போய்ட்டு வரணும். ஸ்ட்ராஸ்பர்க்கை விட்டு பிரசெல்ஸுக்கே வந்துட்டா வருஷத்துக்கு 11.4 கோடி யூரோ மிச்சம்னு 2014-ல தணிக்கை மன்றமே கணக்குப் போட்டுச்சு. உறுப்பினர்கள்ல பெரும்பான்மை பேர் மாத்தணும்னுதான் சொல்றாங்க, ஆனா அது யூனியனோட அடிப்படை ஒப்பந்தத்துல இருக்கறதால எல்லா உறுப்பு நாடும் ஒத்துக்கணும், ஃபிரான்ஸ் ஒத்துக்காது. ஒரு உதவியாளர் பணியிடத்தை வெட்ட ஒரு நிமிஷம் போதும், இந்த மாதிரி செலவைத் தொட முப்பது வருஷமா முடியல.

மத்தபடி ஒரே வேலையை ரெண்டு இடத்துல செய்யறது, கணக்கே கேக்காத வெளிநாட்டுப் பயணக் குழுக்கள், யாரும் படிக்காத அச்சுப் பிரதிகள், உறுப்பினர்களுக்கான மானியங்கள், பதவியில இல்லாதவங்களுக்கும் தொடர்ற சலுகைகள். இதெல்லாம் முதல்ல வரணும்.

ரெண்டு அவை இருக்கற நாட்டுல சேர்த்து நடத்தினா மிச்சம் ஆகாதா?

ஆகும், நல்ல யோசனை. ஆஸ்திரேலியாவுல 2004 பிப்ரவரியில நூலகம், அவைக்குறிப்பு, கட்டடப் பராமரிப்புன்னு தனித்தனியா இருந்த மூணு துறையை ஒண்ணாக்கினாங்க. இந்தியாவுல மக்களவை டிவியும் மாநிலங்களவை டிவியும் தனியா ஓடிட்டு இருந்துச்சு, 2021 செப்டம்பர்ல சன்சத் டிவின்னு ஒண்ணாக்கினாங்க. 98-வது பிரிவே ரெண்டு அவைக்கும் பொதுவான பணியிடம் உருவாக்கத் தடை இல்லன்னுதான் சொல்லுது. பாதுகாப்பு, ஐடி, கொள்முதல், கட்டடம், கேட்டரிங் இதெல்லாம் தாராளமா சேர்க்கலாம். அவை நடைமுறை ஆலோசனையை மட்டும் சேர்க்கக் கூடாது, ரெண்டு அவைக்கும் நடுவுல கருத்து வேறுபாடு வரும்போது ஒரே ஆள் ரெண்டு பக்கமும் ஆலோசனை சொல்ல முடியாது.

பேப்பரை நிறுத்தி எல்லாத்தையும் டிஜிட்டல் ஆக்கினா?

பிரிட்டன்ல 2010-க்கு அப்புறம் காமன்ஸ் சபை நாலு வருஷத்துல நிஜ மதிப்புல 17 சதவீதம் குறைக்கணும்னு இலக்கு வச்சுது, அதுல ஒரு பகுதியா கமிட்டி உறுப்பினர்களுக்கு ஐபேட் கொடுத்து அச்சுக் கட்டுகளைக் குறைச்சாங்க. அது நல்லாவே வேலை செஞ்சுது. ஆனா சட்டங்களைக் கன்னுக்குட்டித் தோல்ல அச்சடிக்கற பழைய வழக்கம் இருந்துச்சு பாருங்க, வருஷத்துக்கு சுமார் 80,000 பவுண்ட் செலவு, அதை நிறுத்தலாம்னு சொன்னப்ப 2016-ல பெரிய விவாதமே நடந்து கடைசியில அட்டைக்கு மட்டும் தோல், உள்ளே காகிதம்னு முடிச்சாங்க.

டிஜிட்டல் ஆக்கறதுல ஒண்ணு கவனிக்கணும், முதல் சில வருஷம் செலவு கூடத்தான் செய்யும். மென்பொருள் லைசென்ஸ், இணையப் பாதுகாப்பு, பயிற்சி எல்லாம் வரும். அதைச் சொல்லாம மிச்சத்தை மட்டும் காட்டினா அந்தக் கணக்கை நம்பாதீங்க.

மொழிபெயர்ப்பு ரொம்ப செலவாம், ஒரே மொழியில நடத்தலாமே?

ஐரோப்பிய நாடாளுமன்றத்துல 24 அதிகாரபூர்வ மொழி, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குன்னு பாத்தா 552 ஜோடி. செலவு நிஜமாவே பெருசுதான். நீண்ட ஆவணங்களைச் சுருக்கிக் கொடுக்கறது, சின்ன மொழிகளுக்கு நடுவுல ஒரு பொது மொழி வழியா மொழிபெயர்க்கறது, மென்பொருளோட முதல் வரைவை மனுஷர் திருத்தறதுன்னு குறைக்க வழி இருக்கு. ஆனா உறுப்பினர் தன் மொழியில பேசற உரிமையை மட்டும் தொடக் கூடாது. மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பினது அவங்க மொழி பேசற ஆளை, வேற மொழி நல்லா பேசத் தெரிஞ்சவங்கதான் சபையில வாய் திறக்கலாம்னு ஆக்கினா அங்க பாதி மக்கள் காணாமப் போயிடுவாங்க. இந்த இடத்துல நான் விட்டுக் கொடுக்கத் தயாரா இல்ல.

கட்டடப் பராமரிப்பைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா உடனே நிறைய மிச்சம் ஆகுமே?

அந்த வருஷ கணக்குல ஆகும். பிரிட்டன் பார்லிமென்ட் இருக்கற வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை பெரும்பாலும் 1834 தீ விபத்துக்கு அப்புறம் கட்டினது. கம்பி, குழாய், நீராவிக் குழாய் எல்லாம் ஒரே சந்துக்குள்ள அடைஞ்சு கிடக்குது, ஆஸ்பெஸ்டாஸ் வேற. ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த ஆட்கள் பாத்துப்பாங்கன்னு தள்ளினாங்க. 2016-ல ரெண்டு அவையோட கூட்டுக் குழு, எல்லாரும் வெளியேறி முழுசா சரி பண்ணணும்னு சொன்னுச்சு, 2018-ல சபையும் ஒத்துக்கிட்டு ஓட்டுப் போட்டுச்சு, ஆனாலும் இழுத்துக்கிட்டே போச்சு. 2022-ல போட்ட மதிப்பீடு 700 கோடியில இருந்து 1,300 கோடி பவுண்ட் வரைக்கும். ஒழுகற கூரையை இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் சுவரையும் சேர்த்துக் கட்டணும், இதை மிச்சம்னு கணக்குல எழுதறதே தப்பு.

துப்புரவு, காவல், உணவு இதையெல்லாம் வெளி கம்பெனிக்குக் கொடுத்துடலாமா?

கொடுக்கறாங்க. ஆனா செலவு எங்க குறையுதுன்னு பாருங்க, பெரும்பாலும் அடிமட்ட ஊழியர் சம்பளத்துலதான். நிரந்தர ஊழியரா இருந்தப்ப கிடைச்ச ஓய்வூதியமும் நோய் விடுப்பும் போகும். தொழிலாளர் சட்டத்தை இயற்றற கட்டடத்துக்குள்ளயே அந்தச் சட்டத்தோட ஓரத்துல ஆட்களை வேலை வாங்கறது எனக்கு ஒப்பல. கொடுத்தே ஆகணும்னா ஒப்பந்தத்துல குறைஞ்சபட்ச சம்பளமும் விடுப்பும் எழுதி, அதையும் சேர்த்த விலையை ஒப்பிட்டுப் பாத்துட்டு கொடுக்கட்டும்.

எங்க நாட்டுல பார்லிமென்ட் செலவைக் குறைச்சுட்டோம்னு அறிவிப்பு வருது. சாதாரண ஆள் அதை எப்படி சரி பாக்கறது?

பட்ஜெட் ஆவணத்துல போன வருஷ திருத்திய மதிப்பீட்டோட (வருஷத்துக்கு நடுவுல சரி பண்ணின கணக்கு) ஒப்பிடுங்க, போன வருஷ ஆரம்ப மதிப்பீட்டோட ஒப்பிட்டா செலவே செய்யாத பணத்தையும் மிச்சம்னு காட்ட முடியும். விலைவாசியைக் கழிச்சுப் பாருங்க. பணியிடம் குறைஞ்சதுன்னா அது ஆள் இருந்த இடமா, ரொம்ப நாளா காலியா கிடந்த இடமான்னு கேளுங்க, காலியிடத்தை ரத்து பண்ணிட்டு ஆட்குறைப்புன்னு சொல்றது எல்லா ஊர்லயும் நடக்கற வழக்கம். பக்கத்துலயே ஒப்பந்தச் சேவை, ஆலோசகர் கட்டணம்னு இருக்கற வரியில தொகை ஏறியிருக்கான்னு பாருங்க.

அப்புறம் பணத்தை விட்டுட்டு வேலையைப் பாருங்க. கமிட்டி எத்தனை முறை கூடுச்சு, எத்தனை அறிக்கை கொடுத்துச்சு, எத்தனை மசோதா கமிட்டிக்கே போகாம பாஸ் ஆச்சு, எழுத்துபூர்வ கேள்விகளுக்கு பதில் எத்தனை நாள்ல வருது, அவைக்குறிப்பு எப்ப வெளியாகுது. செலவு குறைஞ்சும் இதெல்லாம் அப்படியே இருந்தா நல்ல வெட்டு, பாராட்டலாம். இதுவும் சேர்ந்து குறைஞ்சிருந்தா, உங்க தொகுதி உறுப்பினருக்கு எந்தப் பிரிவுல எத்தனை ஆள் போனாங்கன்னு கேட்டு ஒரு கடிதம் போடுங்க, பதில் எழுத்துல வேணும்னும் சேர்த்துக் கேளுங்க.